ஒரே தேக்கில் 62 வளையமா, 58 வளையமா?

கேரளத்து நிலம்பூர்த் தேக்கு ஒன்றில் எதிரெதிர்ப் பக்கம் துளைத்தெடுத்த மாதிரிகளில் ஒன்று 62 ஆண்டு வளையம் காட்டுகிறது, மற்றது 58; வளையங்களை மழை அளவோடு ஒப்பிட எதை எடுப்பது என்பதே கேள்வி. இரண்டு எண்ணையும் இப்போதைக்கு நம்ப வேண்டாம். சராசரி எடுத்து 60 என்று போடவே போடாதீர்கள். ஒரே மரத்து மாதிரிகள் இப்படி வேறுபட்டால், 62-இல் போலி வளையம் (ஒரே ஆண்டில் கூடுதலாகத் தோன்றும் வளையம்) கலந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

வளரும் பருவத்தின் நடுவில் மழை ஓய்ந்தால் மரம் வளர்ச்சியைக் குறைத்து, மழை திரும்பியதும் மறுபடி பிடித்துக்கொள்ளும்; அந்தத் தடம்தான் இன்னொரு வளையம்போல் தெரியும். புழு தின்று மரம் மொட்டையான ஆண்டிலும் இப்படி ஆகலாம்.

1. 400, அப்புறம் 600 எண் உப்புத்தாளில் தேய்த்து, உருப்பெருக்கியில் பாருங்கள். உண்மையான வளையம் சட்டென்று தொடங்கும்: வெளிர்ந்த மெல்லிய கோடு, அதில் வெறுங்கண்ணுக்கே தெரியும் பெரிய துளைகளின் வரிசை. போலியில் அந்த வரிசை சரியாக அமையாது. நிறமும் மெல்ல அடர்ந்து மெல்ல வெளுக்கும்.

2. மாதிரி எடுத்த ஆண்டு தெரியும் என்பதால் மரப்பட்டைப் பக்கமிருந்தே எண்ணுங்கள். இரண்டு மாதிரிகளின் வளைய அகலங்களையும் ஒரே வரைபடத்தில் போட்டு, மிகக் குறுகிய வளையங்களைப் பொருத்துங்கள். பொருத்தம் எங்கே நழுவுகிறதோ அங்கேதான் சிக்கல்.

ஆனால் 58-தான் சரி என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். நெருக்கத்தில் வாடிய மரத்தில் சில ஆண்டு வளையம் ஒரு பக்கம் உருவாகாமலே போகும். அதே தோப்பின் மற்ற மரங்களோடு ஒப்பிட்டால்தான் தீரும். அதற்கு முன் மழை அளவோடு ஒப்பிடத் தொடங்காதீர்கள். ஓராண்டு நழுவினாலே உண்மையான தொடர்பு மறைந்துவிடும். தோட்டத்து மரம் என்றால் பக்கத்து மரங்களை வெட்டிய ஆண்டுகளையும் கேட்டு வாங்குங்கள். வெட்டியபின் வளையம் அகலமாவதற்கு மழை காரணமாக இருக்க வேண்டியதில்லை.