டோஃபுவில் சாக்லேட் மூஸ்: எந்த டோஃபு, எந்த சாக்லேட்?

கேள்வி: முட்டை, பால், க்ரீம் எதுவும் சேர்க்காமல் டோஃபுவும் சாக்லேட்டும் வைத்தே மூஸ் (க்ரீம் போல மென்மையான, குளிரவைத்துச் சாப்பிடும் இனிப்பு) செய்யலாம் என்று கேள்விப்பட்டு ஒரு பாக்கெட் டோஃபு வாங்கி அரைத்தேன். எவ்வளவு நேரம் அரைத்தாலும் நாக்கில் மணல் மணலாகத் தட்டுப்படுகிறது. மிக்சி சரியில்லையோ? விலை கூடுதலான பிளெண்டர் ஒன்று வாங்கிவிடலாமா?

பதில்: பிளெண்டருக்கு இப்போது காசு செலவழிக்காதீர்கள். நீங்கள் வாங்கியது அனேகமாகக் கெட்டி டோஃபுவாகத்தான் இருக்கும். சோயாப் பாலைத் திரியவைத்து, திரிந்ததை அச்சில் போட்டு, மேலே கனத்தை ஏற்றி நீரை வெளியேற்றினால் கிடைப்பது அது. வறுக்கவும் பொரிக்கவும் அருமையாக இருக்கும், ஆனால் அதில் உள்ள துகள்கள் ஏற்கெனவே இறுகிப்போனவை, அதனால் எவ்வளவு அரைத்தாலும் அந்தக் கரகரப்பு கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும்.

மூஸுக்கு வேண்டியது சில்கன் டோஃபு. இதை அழுத்துவதும் இல்லை, பிழிவதும் இல்லை. பாத்திரத்தில் உறையும் தயிர் போல, சோயாப் பால் பெரும்பாலும் பாக்கெட்டுக்குள்ளேயே அப்படியே உறைகிறது, தண்ணீரும் உள்ளேயே நிற்கிறது. சாதாரண மிக்சியில் ஓரிரு நிமிடம் ஓட்டினாலே பளபளவென்று க்ரீம் மாதிரி ஆகிவிடும்.

கடையில் குழப்பம் எங்கே வருகிறது என்றால், சில்கனிலேயே சாஃப்ட், ஃபர்ம், எக்ஸ்ட்ரா ஃபர்ம் என்று வகை வகையாக எழுதியிருப்பார்கள். 'ஃபர்ம்' என்று பார்த்ததும் கெட்டி டோஃபு என்று நினைத்துத் திரும்ப வைத்துவிடாதீர்கள், 'சில்கன்' என்ற சொல் இருந்தால் போதும். சொல்லப்போனால் மூஸுக்கு சில்கன் ஃபர்ம்தான் என் தேர்வு, நீர் சற்றுக் குறைவு என்பதால் கரண்டியில் நிற்கும். அதே மாதிரி வெறும் 'சாஃப்ட்' என்று மட்டும் போட்டிருந்தால் அது சில்கன்தான் என்று சொல்லிவிட முடியாது, லேசாக அழுத்திய சாதாரண டோஃபுவாகவும் இருக்கலாம்.

இன்னொன்று, ஃப்ரிட்ஜ் பகுதியில் தேடிவிட்டு 'இல்லை' என்று திரும்பி வருகிறவர்கள் நிறைய. சில்கன் டோஃபு பல இடங்களில் கிருமி நீக்கிய அட்டைப் பெட்டியில் வரும், பிரிக்காதவரை அதற்கு ஃப்ரிட்ஜ் தேவையில்லை, ஆகவே சாஸ், நூடுல்ஸ் இருக்கும் அலமாரியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: டார்க் சாக்லேட் என்று போட்டிருந்தால் அதில் பால் கிடையாது என்றுதானே அர்த்தம்? ஒன்றில் 'பால் இருக்கலாம்' என்று கடைசியில் எழுதியிருக்கிறது. அதை வாங்கலாமா, கூடாதா?

பதில்: முதல் கேள்விக்கு, இல்லை. 'டார்க்' என்பது நிறத்தையும் கோகோவின் அளவையும் சொல்வது, பால் இல்லை என்ற உத்தரவாதம் அல்ல. முன்பக்கத்தைப் பார்க்கவே வேண்டாம், திருப்பிப் பிடித்துப் பொருள் பட்டியலைப் படியுங்கள். பால் பவுடர், பால் கொழுப்பு, பட்டர் ஆயில், வே பவுடர், லாக்டோஸ், கேசீன், கேசினேட் இவற்றில் ஒன்று இருந்தாலும் அது வீகன் இல்லை, அதாவது விலங்கிலிருந்து வரும் பொருள் எதுவும் இல்லாதது அல்ல. விலை உயர்ந்த டார்க் சாக்லேட்டில்கூட மென்மைக்காகப் பால் கொழுப்பைக் கொஞ்சம் சேர்க்கிறவர்கள் உண்டு. 'நான் டெய்ரி' என்ற சொல்லையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டாம், அந்தப் பெயரில் விற்கும் சில பொருள்களில் கேசினேட் இருக்கிறது, அது பாலிலிருந்து எடுப்பதுதான். கோகோ பட்டர் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது கோகோ விதையின் கொழுப்பு. சாக்லேட் சீராகக் கலந்து நிற்கப் போடும் லெசித்தினும் பெரும்பாலும் சோயாவிலிருந்தோ சூரியகாந்தியிலிருந்தோ வருவது.

'பால் இருக்கலாம்' என்பது வேறு கதை. அதே இயந்திரத்தில் பால் சாக்லேட்டும் ஓடுகிறது, துளி ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு என்ற எச்சரிக்கை அது. பால் பொருள் வேண்டாம் என்ற கொள்கையால் தவிர்க்கிறவர்களில் பலர் இதை வாங்குகிறார்கள், அதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் சாப்பிடப் போகிறவருக்குப் பால் அலர்ஜி என்றால் அந்த வரியைக் கடந்து போகவே கூடாது. இதில் நான் கறாராக இருக்கிறேன், ஏனென்றால் வீகன் முத்திரையைப் பார்த்து அலர்ஜிக்கும் பாதுகாப்பு என்று நினைத்துக்கொள்கிறவர்கள் அதிகம். பிரிட்டனில் உள்ள வீகன் சொசைட்டி என்ற அமைப்பு 1990-இல் தொடங்கிய முத்திரையாகட்டும், வேறு எதுவாகட்டும், விலங்குப் பொருளை வேண்டுமென்று சேர்க்கவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. துளிகூட ஒட்டவில்லை என்ற உறுதி அதில் இல்லை.

கேள்வி: பேக்கிங் பகுதியில் காம்பவுண்ட் சாக்லேட் பாதி விலைக்குக் கிடைக்கிறது. சாக்லேட் சிப்ஸும் இருக்கிறது. கோகோ பவுடரே போதும் என்றும் ஒருவர் சொன்னார். எதில் காசு மிச்சம்?

பதில்: இந்த இனிப்பில் முட்டையோ ஜெலட்டினோ இல்லை, அப்புறம் எது அதைக் கெட்டியாக்குகிறது? பெரும்பங்கு கோகோ பட்டர்தான். உருகின சாக்லேட்டில் இருக்கும் அந்தக் கொழுப்பு ஃப்ரிட்ஜில் திரும்ப இறுகும்போது டோஃபுவையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. அது உருகுவது சுமார் 34 டிகிரி செல்சியஸில், நம் உடல் சூட்டுக்குச் சற்றுக் கீழே, அதனால்தான் வாயில் போட்டதும் கரைகிறது. காம்பவுண்டில் கோகோ பட்டருக்குப் பதிலாகப் பனைவிதை எண்ணெய் போன்ற வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். மூஸ் உறையும், ஆனால் வாயில் மெழுகு பூசியது போல ஒரு உணர்வு தங்கும், கோகோ மணமும் குறைவு. பால் பவுடர் சேர்த்த காம்பவுண்டுகளும் நிறைய. இரண்டே முக்கியப் பொருள் இருக்கிற இனிப்பு, டோஃபுவுக்குத் தனிச் சுவை எதுவும் கிடையாது, ஆக மொத்தச் சுவையும் சாக்லேட்டிலிருந்துதான் வரவேண்டும். காசை அங்கே போடுங்கள்.

எவ்வளவு சதவீதம் என்றால் 60 முதல் 70 வரை. அந்தச் சதவீதம் கோகோ துகளையும் கோகோ பட்டரையும் சேர்த்த கணக்கு, அதனால் இரண்டு கம்பெனியின் 70 சதவீதமும் ஒரே மாதிரி உறையாது. ஊட்டச்சத்து அட்டவணையில் 100 கிராமுக்குக் கொழுப்பு எவ்வளவு என்று பாருங்கள், 35 கிராமுக்கு மேல் இருந்தால் நன்றாக உறையும். சிப்ஸ் சூட்டிலும் வடிவம் கலையாமல் இருக்க வேண்டும் என்பதற்காகக் கோகோ பட்டரைக் குறைத்துச் செய்வது வழக்கம், உருக்கினால் கெட்டியாக இருக்கும், வேறு கிடைக்காவிட்டால் பரவாயில்லை. கோகோ பவுடரில் பெரும்பகுதிக் கொழுப்பைப் பிழிந்து எடுத்துவிடுகிறார்கள், அதை மட்டும் போட்டால் மூஸ் வராது, புட்டிங் மாதிரி தளதளவென்று இருக்கும். அதுவும் நன்றாகத்தான் இருக்கும், சர்க்கரை மட்டும் அதிகம் வேண்டும்.

கேள்வி: சரி, அளவு சொல்லுங்கள். உருக்கின சாக்லேட்டை ஊற்றியதும் குருணை குருணையாகிவிட்டது, அது ஏன் என்றும் சொல்லுங்கள்.

பதில்: 350 கிராம் சில்கன் டோஃபு, 200 கிராம் டார்க் சாக்லேட், 2 மேசைக்கரண்டி பொடித்த சர்க்கரை, 1 தேக்கரண்டி வெனிலா, ஒரு சிட்டிகை உப்பு. தேன் வேண்டாம், அது வீகன் கணக்கில் வராது. உப்பையும் வெனிலாவையும் விட்டுவிடாதீர்கள், சோயாவின் பச்சை வாசனையை அடக்குவது அவைதான். கால் தேக்கரண்டி இன்ஸ்டன்ட் காபித் தூள் போட்டால் சாக்லேட் இன்னும் ஆழமாகத் தெரியும்.

குருணை ஆனதற்குக் காரணம் டோஃபு ஃப்ரிட்ஜிலிருந்து நேராக மிக்சிக்குப் போனது. சூடான சாக்லேட் குளிர்ந்த டோஃபுவைத் தொட்டதும் கொழுப்பு அங்கங்கே இறுகிவிடுகிறது. ஒரு மணி நேரம் முன்பே எடுத்து வெளியே வையுங்கள். முதலில் டோஃபுவில் தேங்கிய நீரை வடித்துவிட்டு, சர்க்கரை, உப்பு, வெனிலா சேர்த்து, ஓரத்தில் ஒட்டியதை வழித்துவிட்டு அரைத்து, ஒரு கட்டிகூட இல்லை என்று தெரிந்த பிறகு சாக்லேட்டை ஊற்றி மறுபடி ஓட்டுங்கள். சாக்லேட்டைக் கொதிக்கும் நீருக்கு மேல் வைத்த கிண்ணத்தில் உருக்கலாம், மைக்ரோவேவில் என்றால் 30 வினாடிக்கு ஒருமுறை கிளறவேண்டும். அதில் ஓரிரு சொட்டு நீர் விழுந்து கட்டியாகிவிட்டால் கொட்டிவிடாதீர்கள், சுடுநீர் ஒவ்வொரு கரண்டியாகச் சேர்த்துக் கலக்கினால் திரும்ப நெகிழும், எப்படியும் டோஃபுவோடுதானே சேரப்போகிறது. கிண்ணங்களில் ஊற்றி ஃப்ரிட்ஜில் குறைந்தது 2 மணி நேரம்.

கேள்வி: டோஃபுவை வேகவைக்காமல் சாப்பிடலாமா?

பதில்: சாப்பிடலாம். சோயாப் பாலைக் கொதிக்கவைத்த பிறகுதான் உறையவைக்கிறார்கள்.

கேள்வி: வாங்கி வந்த டோஃபு பாக்கெட் உப்பியிருக்கிறது, தேதி இன்னும் முடியவில்லை. கழுவிவிட்டுப் பயன்படுத்தலாமா? மூஸ் எத்தனை நாள் தாங்கும்?

பதில்: பயன்படுத்தக் கூடாது. உப்பியிருந்தால் உள்ளே கிருமி வளர்ந்து வாயு உண்டாகியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், தேதி என்ன சொன்னாலும் சரி. பிரிக்காமல் அப்படியே கடைக்குக் கொண்டுபோங்கள், பிரித்துவிட்டால் உங்கள் கையில்தான் கெட்டது என்று சொல்ல இடம் கொடுத்துவிடுவீர்கள். போகும் முன் பாக்கெட், தேதி, பேட்ச் எண், ரசீது எல்லாவற்றையும் படம் எடுத்துவையுங்கள். கடையில் மாற்றித் தராவிட்டால் அந்தப் படங்களோடு தயாரிப்பாளருக்கு எழுதுங்கள், பேட்ச் எண் இருந்தால்தான் அவர்களால் எந்தச் சரக்கு என்று தேட முடியும்.

மூஸ் மூடிவைத்தால் ஃப்ரிட்ஜில் 3 நாள் தாங்கும். பிரித்து மிஞ்சின டோஃபுவை நல்ல தண்ணீரில் மூழ்கவைத்துத் தினமும் நீரை மாற்றினால் அதுவும் 3 நாள் வரை இருக்கும், புளிப்பு வாசனை வந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள், பனிக்கட்டி உருவாகி சில்கன் உடைந்து நீர் தனியாகப் பிரிந்துவிடும், அதை வைத்து மூஸ் செய்ய முடியாது.