பிரெஞ்சு வீட்டு வரி: கடிதம் எழுதியவர்களுக்கு

ஆகஸ்ட் கடைசியில் தாக்ஸ் ஃபோன்சியேர் (வீட்டு உரிமையாளர் கட்டும் வரி) நோட்டீஸ் வரத் தொடங்கினால் எனக்கும் கடிதங்கள் வரத் தொடங்கும். பெரும்பாலும் பிரிட்டனில் இருந்துகொண்டு பிரான்சில் வீடு வைத்திருப்பவர்கள். ஆங்கிலம் தெரியும், பிரெஞ்சு தெரியாது. அதில் தப்பே இல்லை. ஆனால் குடியிருக்கும் வீடா, விடுமுறை வீடா, வாடகைக்கு விட்டதா என்று ஒரு வரிகூட எழுதாமல் ‘எவ்வளவு கட்ட வேண்டும்?’ என்று மட்டும் கேட்டால் நான் என்ன சொல்வது?

ஏப்ரலில் வீட்டை விற்றுவிட்டேன். முழு ஆண்டு வரியும் என் பெயரில் வந்திருக்கிறதே?

சரியாகத்தான் வந்திருக்கிறது. ஜனவரி 1 அன்று வீடு யார் பெயரில் இருந்ததோ அவரே அந்த ஆண்டு முழுவதற்கும் பொறுப்பு. வாங்கியவர் தன் பங்கைத் தருவது உங்கள் இருவருக்குள் உள்ள ஏற்பாடு. வழக்கமாக நோத்தேர் (வீட்டுப் பத்திரம் முடிக்கும் அதிகாரி) கையெழுத்தன்றே அதைக் கணக்கில் சேர்த்துவிடுவார். அவர் கொடுத்த கணக்குத் தாளைத் தேடிப் பாருங்கள். வரி அலுவலகத்துக்கு அதில் சம்பந்தமில்லை.

இங்கிலாந்தில் உள்ளூர் வரியான கவுன்சில் டாக்ஸைக் குடியிருப்பவர் கட்டுகிறார். பிரான்சில் என் வாடகைக்காரர் ஏன் கட்டக் கூடாது?

அது இங்கிலாந்து. தாக்ஸ் ஃபோன்சியேர் உரிமையாளர் தலையில்தான். அதே நோட்டீஸில் குப்பை அள்ளும் வரி தனியாக இருக்கும். அதை மட்டும் வாடகைக்காரரிடம் வாங்கலாம். அதன்மேல் ஏற்றிய நிர்வாகக் கட்டணத்தை வாங்கக் கூடாது.

குடியிருப்பு வரியான தாக்ஸ் தாபித்தாசியோனை 2023-ல் எடுத்துவிட்டார்கள் என்றார்கள். என் வீட்டில் ஆண்டு முழுக்க வாடகைக்காரர் குடியிருக்கிறார். ஆனாலும் எனக்கு 1,400 யூரோவுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது.

எடுத்தது முதன்மைக் குடியிருப்புகளுக்கு மட்டும். விடுமுறை வீடுகளுக்கு அந்த வரி இன்னும் இருக்கிறது. வீட்டுத் தட்டுப்பாடு உள்ள ஊர்கள் அதன்மேல் 5 முதல் 60 சதவீதம் வரை கூட்டிக்கொள்ளலாம். பாரிஸ் 60 வைத்திருக்கிறது.

உங்கள் வீடு விடுமுறை வீடு இல்லை. ஆனால் அது வரி அலுவலகத்துக்கு எப்படித் தெரியும்? நீங்கள்தான் சொல்லவில்லையே! 2023 முதல் ஒவ்வொரு உரிமையாளரும் தன் வீட்டில் யார், எந்த வகையில் இருக்கிறார் என்று வரி அலுவலகத்தின் இணையக் கணக்கில் பதிய வேண்டும். முதல் ஆண்டில் சுமார் 3 கோடியே 40 லட்சம் உரிமையாளர்கள் பதிய வேண்டியிருந்தது. ஜூன் கடைசி என்றிருந்த கெடுவை ஆகஸ்ட் வரை தள்ளிப்போட்டார்கள். அப்புறமும் ‘நோத்தேர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன்’ என்று எனக்கு எழுதுகிறார்கள். நோத்தேர் பத்திரம் முடிப்பவர். உங்கள் வீட்டில் இன்று யார் தூங்குகிறார் என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. ‘ஆங்கிலத்தில் கடிதம் வரவில்லை’ என்பது அடுத்த சாக்கு. வீடு வாங்கும்போது பிரெஞ்சுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடத் தயங்கவில்லையே!

ஒருமுறை பதிந்து நிலைமை மாறாவிட்டால் மறுபடி தொட வேண்டாம். வாடகைக்காரர் மாறினால், காலி செய்தால், பிள்ளை வந்து குடியேறினால் மாற்றிப் பதியுங்கள். மறந்தால் ஒரு வீட்டுக்கு 150 யூரோ வரை அபராதம் உண்டு. அது சின்னத் தொகை. உங்களைப் போல 1,400 வருவதுதான் பெரிய அடி.

இப்போது செய்ய வேண்டியது: முதலில் பதிவைத் திருத்துங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டும் இதே கதைதான். பிறகு அதே கணக்கின் செய்திப் பகுதியிலிருந்து வாடகை ஒப்பந்தத்தை இணைத்து ஆட்சேபம் எழுதுங்கள். நோட்டீஸ் வந்ததற்கு அடுத்த ஆண்டு டிசம்பர் 31 வரை நேரம் உண்டு. ஆட்சேபம் எழுதினால் கட்ட வேண்டாம் என்று நினைக்காதீர்கள். முடிவு வரும்வரை கட்டாமல் இருக்க அனுமதி வேண்டும் என்று அதிலேயே கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் 10 சதவீதம் ஏறும்.

அம்மாவுக்கு 78 வயது. தாக்ஸ் ஃபோன்சியேர் விலக்கு உண்டா?

வயது மட்டும் போதாது. ஜனவரி 1 அன்று 75 தாண்டியிருக்க வேண்டும், வருமானமும் குறைவாக இருக்க வேண்டும். தனி ஆளுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 12,500 யூரோ. வருமானத்தை எழுதாமல் வயதை மட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

பாரிஸில் சின்ன ஃப்ளாட். 2022 நோட்டீஸையும் 2023 நோட்டீஸையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 60 சதவீதம் கூடியிருக்கிறது. தவறுதானே?

தவறில்லை. பாரிஸ் நகரம் தன் தாக்ஸ் ஃபோன்சியேர் விகிதத்தை 13.5 சதவீதத்திலிருந்து 20.5 ஆக்கியது. அதே ஆண்டு கணக்குக்கு அடிப்படையான வாடகை மதிப்பும் நாடு முழுக்க 7 சதவீதம் உயர்ந்தது. அந்த மதிப்பே 1970-ம் ஆண்டு வாடகையை வைத்துப் போட்டு, ஆண்டுதோறும் ஏற்றிவருவது. அதில் பாதிக்குத்தான் வரி. பக்கத்து வீட்டு நோட்டீஸோடு ஒப்பிட்டுச் சண்டை போடுவதில் பயனில்லை.

தோர்தோஞ் பக்கம் உள்ள வீட்டில் நீச்சல் குளம் கட்டினோம். சுற்றிலும் மரம், யாருக்கும் தெரியாது. சொல்லத்தான் வேண்டுமா?

வேண்டும், முடிந்த 90 நாளுக்குள். மேலிருந்து எடுத்த படங்களைக் கணினியில் ஓட்டி, 2022-ல் ஒன்பது மாவட்டங்களில் மட்டும் பதியாத 20,000 குளங்களைப் பிடித்தார்கள். கூடுதலாக வந்த வரி சுமார் ஒரு கோடி யூரோ. சீசனுக்கு வைத்து எடுத்துவிடும் ரப்பர் குளம் என்றால் கவலை வேண்டாம். எந்த வகை என்று எழுதவில்லையே நீங்கள்.

செக் அனுப்பலாமா?

300 யூரோவுக்கு மேல் செக் எடுக்க மாட்டார்கள். இணையத்தில் கட்டுங்கள், யூரோ கணக்கு இருந்தால் நல்லது. தாக்ஸ் ஃபோன்சியேருக்கு அக்டோபர் 15 கெடு, இணையத்தில் 20 வரை. தாக்ஸ் தாபித்தாசியோனுக்கு டிசம்பரில் அதே தேதிகள்.

போனில் ஆங்கிலத்தில் பேசிச் சரிசெய்ய முடியாதா?

பேசலாம். ஆனால் பேசியதற்கு ஆதாரம் இருக்காது. கணக்குக்குள் போய் நாலு வரி எழுதுங்கள். மொழிபெயர்ப்புச் செயலி தரும் பிரெஞ்சே போதும், வரி எண்ணை மட்டும் மறக்காதீர்கள்.

நோட்டீஸைப் படம் எடுத்து அனுப்பிய மூன்று பேருக்கு: வந்தது முதல் பக்கம் மட்டும். கணக்கு இருப்பது அடுத்த பக்கத்தில். அதையும் அனுப்புங்கள். ஜனவரி 1 அன்று அந்த வீட்டில் யார் இருந்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.