சுபாவமா, பழக்கமா? அலுவலக நடத்தை பற்றிச் சில கேள்விகள்

நிறுவனங்களில் ஆள் எடுப்பது, பயிற்சி கொடுப்பது என்று பல வருடம் ஓட்டியவன் நான். அந்தத் தெம்பில் கேள்விகளை வாங்கிக்கொண்டேன். சிலவற்றுக்கு நீளமாகப் பதில் சொல்லியிருக்கிறேன், சிலவற்றுக்கு நான்கே வரி.

கேள்வி: என் டீமில் ஒருவர் மீட்டிங்கில் வாயே திறப்பதில்லை. தனியாகக் கேட்டால் அருமையான யோசனைகள் சொல்கிறார். கூச்ச சுபாவம் என்று விட்டுவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஒருவரின் நடத்தை அந்த ஆளையும் அவர் இருக்கும் சூழலையும் சேர்த்துத்தான் அமைகிறது என்று உளவியலாளர் குர்ட் லெவின் 1936-லேயே ஒரு சூத்திரமாக எழுதிவைத்தார். நாமோ ஆளை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். நீங்கள் இல்லாத மூன்று பேர் கூட்டத்தில் அவர் பேசுகிறாரா? பேசினால் அது கூச்சமாக இருக்க வாய்ப்புக் குறைவு. உங்கள் மீட்டிங்கில் வாயை மூடிக்கொண்டிருப்பதே நல்லது என்று எப்போதோ கற்றுக்கொண்டிருக்கிறார். தார்ண்டைக் என்ற உளவியலாளர் 1898-ல் பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்துக் கண்டது இதைத்தான்: பலன் கொடுத்த செயல் நிலைக்கும், பலன் தராதது மெல்ல உதிர்ந்துபோகும்.

என் கதையையே சொல்கிறேன். முதன்முதலில் டீம் லீடர் ஆனபோது, யார் என்ன யோசனை சொன்னாலும் "சரி, அடுத்து" என்பேன். நேரத்தை மிச்சப்படுத்துவதாக நினைப்பு. ஆறே மாதத்தில் மீட்டிங்கில் என் குரல் மட்டும்தான் கேட்டது. டீமே அமைதியான டீம் என்று வேறு மேலே சொல்லிக்கொண்டிருந்தேன்!

மூன்று பேர் நடுவிலும் அவர் பேசவில்லை என்றால், அவர் உண்மையிலேயே அமைதியானவராக இருக்கலாம். பேசப்போகும் விஷயத்தை முந்தைய நாளே அனுப்புங்கள், எழுதித் தரச் சொல்லுங்கள். எப்படியானாலும் அவர் சொன்னதில் ஒன்றையாவது செயல்படுத்திக் காட்டுங்கள். "நல்ல ஐடியா" என்ற பாராட்டு மட்டும் ரொம்ப நாள் தாங்காது.

கேள்வி: நான்கு எழுத்தில் ஆளுமை வகையைச் சொல்லும் சோதனையை வைத்து ஆள் எடுக்கலாம் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: வேண்டாம். மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனையைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் கணிசமான பேருக்கு வேறு வகை வருகிறது. ஆள் தேர்வுக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று அதை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது.

ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஐந்து பண்புகளைப் பார்க்கிறார்கள்: புதியதை ஏற்கும் மனம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், பதற்றப்படும் தன்மை. ஆளை ஒரு பெட்டிக்குள் போடாமல், ஒவ்வொன்றிலும் கூடவா குறைவா என்று அளப்பார்கள். பல வகை வேலைகளிலும் செயல்திறனோடு தொடர்புள்ளது பொறுப்புணர்வுதான் என்று பேரிக், மவுண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1991-ல் ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். ஆனால் அந்தத் தொடர்பும் மிதமானதுதான். அதைவிட, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் இன்டர்வியூ நல்லது. ஆள் தேர்வு முறைகளை ஒப்பிட்டு 2022-ல் வந்த ஒரு பெரிய மறுகணக்கில் அதுதான் முன்னிலையில் வந்தது.

கேள்வி: அமைதியானவர்கள் விற்பனை வேலைக்கு லாயக்கில்லையா?

பதில்: யார் சொன்னது? உளவியலாளர் ஆடம் கிராண்ட் 2013-ல் வெளியிட்ட ஆய்வில் அதிகம் விற்றவர்கள் ரொம்பக் கலகலப்பானவர்களும் அல்ல, ரொம்ப அமைதியானவர்களும் அல்ல, நடுவில் இருந்தவர்கள். வாடிக்கையாளர் பேசும்போது கேட்டுக்கொள்ளவும் ஆள் வேண்டுமே.

கேள்வி: மாதாமாதம் 'சிறந்த ஊழியர்' பரிசு தருகிறோம். அப்புறம்தான் கவனித்தோம், யாரும் புதியவர்களுக்கு வேலை கற்றுக்கொடுப்பதே இல்லை. முன்பு நன்றாகத்தான் இருந்தார்கள். சுயநலமாக மாறிவிட்டார்களா?

பதில்: மாறவில்லை, நீங்கள் கற்றுக்கொடுத்ததைக் கற்றுக்கொண்டார்கள். ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டு வேறொன்றுக்குப் பரிசு கொடுக்கும் முட்டாள்தனத்தைப் பற்றி நிர்வாகவியல் அறிஞர் ஸ்டீவன் கெர் 1975-ல் ஒரு கட்டுரையே எழுதினார். நீங்கள் எதிர்பார்ப்பது ஒத்துழைப்பு, பரிசு கொடுப்பது தனி ஆளின் எண்ணிக்கைக்கு. புதியவருக்கு அரைமணி நேரம் ஒதுக்கினால் அன்றைய கணக்கு குறையும். இதைப் புரிந்துகொள்ள யாரும் சுயநலக்காரராக இருக்கத் தேவையில்லை.

இதன் இன்னொரு முகமும் உண்டு. சீக்கிரம் முடிப்பவருக்கு நாம் என்ன தருகிறோம்? அடுத்தவரின் வேலையை! பிறகு அவரும் மாலை வரை இழுத்தடிக்கிறார். "முன்பிருந்த சுறுசுறுப்பு இல்லை" என்று அப்ரைசலில் எழுதுகிறோம்.

பரிசை உடனே நிறுத்தாதீர்கள், கொடுத்ததைப் பிடுங்கினால் அது தண்டனையாகத்தான் படும். அளவுகோலை மாற்றுங்கள். புதியவர் தனியாக வேலை செய்யத் தொடங்கினால், கற்றுக்கொடுத்தவர் கணக்கில் அது ஏறட்டும்.

கேள்வி: தவறு செய்தவரை எல்லோர் முன்னாலும் கண்டித்தால் அடுத்த முறை நடக்காது என்கிறார் எங்கள் மேனேஜர். உண்மையில் தவறுகள் குறைந்தும் இருக்கின்றன.

பதில்: குறைந்தது தவறா, தவறு பற்றிய தகவலா? நிர்வாகவியல் ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நல்ல தலைமை உள்ள குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. முதலில் அவருக்கே குழப்பம். பிறகு பார்த்தால், அந்தக் குழுக்களில் தவறைப் பயமில்லாமல் வெளியே சொன்னார்கள், அவ்வளவுதான். திட்டு வாங்கியவர் மட்டுமல்ல, பார்த்துக்கொண்டிருந்தவர்களும் பாடம் படித்திருப்பார்கள்: மாட்டிக்கொள்ளக் கூடாது. அடுத்தவருக்கு நேர்வதைப் பார்த்தே மனிதர்கள் கற்றுக்கொள்கிறார்கள் என்று உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டூரா வருடக்கணக்காகக் காட்டியது இதைத்தான்.

கேள்வி: என் மேலதிகாரிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பயங்கரக் கோபக்காரர். இந்த வயதில் குணம் மாறுமா?

பதில்: குணம் வயதோடு கொஞ்சம் கொஞ்சமாக மாறத்தான் செய்கிறது. ஆனால் அதற்காக நீங்கள் காத்திருக்க முடியாது. எனக்கு ஒரு விவரம் வேண்டும்: அவருக்கு மேலே இருப்பவரிடமும் இப்படிக் கத்துகிறாரா? இல்லை என்றால், எங்கே கத்தலாம், எங்கே கூடாது என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. கத்தினால் எல்லோரும் ஓடிவந்து வேலையை முடித்துக் கொடுக்கிறீர்கள், சாதாரணமாகக் கேட்டால் மூன்று நாள் ஆகிறது. கத்தலுக்கு நல்ல கூலி கிடைக்கிறது!

திருப்பிப் போட்டுப் பாருங்கள். நிதானமாகக் கேட்டதற்கு அன்றே பதில் போகட்டும். கத்தியதற்கு வழக்கமான வேகத்தில், வழக்கமான முகத்தோடு கொடுங்கள். ஆரம்பத்தில் சத்தம் இன்னும் கூடலாம், பழைய வழி பலிக்காதபோது அப்படித்தான் ஆகும். இரண்டு மாதம் பாருங்கள். மேலே இருப்பவரிடமும் அப்படியே கத்துகிற ஆள் என்றால் இந்த வைத்தியம் எடுபடாது, வேறு டீம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.