பட்டுப் புடவைத் துணியில் நோட்டு அட்டை: பசை கசியாமல், அட்டை வளையாமல் இருக்க

சேலத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அம்மாவின் பழைய காஞ்சிபுரம் பட்டுப் புடவை மடிப்புகளில் கிழிந்துவிட்டது. நல்ல பகுதிகளை வெட்டியெடுத்து, நோட்டுகளுக்கு மேலுறையும் சிறு நகைப் பெட்டிகளும் செய்து அக்கா, தங்கைகளுக்குக் கொடுக்க ஆசைப்படுகிறேன். ஃபெவிகால் தடவி அட்டையில் ஒட்டினேன். துணியின் மேல் கருத்த திட்டுகள் வந்துவிட்டன. உட்புறம் சார்ட் தாளை இருபக்க டேப்பால் ஒட்டினேன். இரண்டே நாளில் அட்டை வெளிப்பக்கமாக வளைந்துவிட்டது. சிலவற்றில் ஆரி வேலை செய்யவும் எண்ணம். ஒட்டிய பிறகு தைக்கலாமா?"

முதலில் அந்தத் திட்டுகள். பைண்டிங் கடையில் கிடைக்கும் காலிக்கோ துணியின் கண்கள் கஞ்சியால் அடைபட்டிருக்கும். பசை மேலே வராது. பட்டுக்கு அந்தக் காப்பு இல்லை. பாவுக்கும் (நெடுக்கு இழை) ஊடைக்கும் (குறுக்கு இழை) நடுவே பசை ஏறி மேலே வந்துவிடுகிறது. காய்ந்த ஃபெவிகாலைப் பட்டிலிருந்து சேதமில்லாமல் எடுக்க வழியில்லை. ஆகவே பட்டின் பின்பக்கத்தில் முதலில் ஒரு மெல்லிய தாளை ஒட்டிக் காயவைக்க வேண்டும். பிறகு எந்தப் பசை தடவினாலும் அது தாளைத்தான் தொடும். இந்த ஒரு வேலையை அவசரப்படாமல் செய்தால் மற்றதெல்லாம் கைக்கு வந்துவிடும்.

இதற்கு ஃபெவிகால் வேண்டாம். அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுக்கத் தெரியும் அல்லவா? ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலை அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும் மாவுதான் இதற்கு மிகச் சிறந்த பசை. மேலே தெளிந்த நீரை இறுத்துவிட்டு அதைக் காயவைத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டு, அடுப்பில் வைத்து, வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடிபோல் ஆகும்வரை கிளறி, ஆறியதும் துணியில் வடிகட்டி, மோர்ப் பதத்துக்குக் கரைத்தால் போதும். மைதாவிலும் காய்ச்சலாம், ஆனால் அதிலுள்ள புரதம் நாளாக நாளாக மஞ்சளிக்கும். பூச்சி வராமலிருக்க பைண்டிங் பசையில் மயில்துத்தம் கலக்கும் வழக்கம் உண்டு. அது நஞ்சு, பட்டின் நிறத்தையும் கெடுக்கும். வீட்டில் செய்யும்போது தவிர்த்துவிடுங்கள்.

ஓரத் துண்டு ஒன்றை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் போகவில்லையென்றால் பட்டை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி வழுவழுப்பான மேசைமேல் விரித்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, பாவும் ஊடையும் நேர்கோட்டில் நிற்கும்படி விரலால் சரிசெய்யுங்கள். துணியைவிட நான்கு புறமும் 2 செ.மீ. பெரிதான வெள்ளை டிஷ்யூ தாளில் பசை தடவி, தூக்கித் துணியின் மேல் படியவைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காய்ந்த பிரஷ்ஷால் நீவுங்கள். பசையைத் தாளில்தான் தடவ வேண்டும், துணியில் அல்ல. தாளின் விளிம்பு மேசையைப் பிடித்துக்கொள்வதால் துணி விறைப்பாகவே காயும். மறுநாள் விளிம்பை வெட்டி உரித்தெடுக்கலாம். சாயம் போகும் பட்டுக்கு இது சரிப்படாது. அதற்குத் தையற்காரர்கள் காலருக்கு வைக்கும் ஃபியூசிங் துணியில் மிக மெல்லியதை வாங்கி, குறைந்த சூட்டில், மேலே பருத்தித் துணி போட்டுத் தேய்த்து ஒட்டுங்கள்.

அடுத்தது வளைவு. ஈரத்தில் விரிந்த துணி காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது. உள்ளே டேப்பில் ஒட்டிய சார்ட் தாளுக்கு எதிர்த்து இழுக்கும் சக்தி இல்லை. உள் தாளையும் ஈரப் பசையால் ஒட்டுங்கள். இரு இழுப்பும் சமமாகிவிடும். அட்டைக்கும் தாளுக்கும் நார் ஓடும் திசை ஒன்று உண்டு. நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வளைத்துப் பாருங்கள்: எளிதாக வளையும்போது மடிப்பு எந்தத் திசையில் விழுகிறதோ, அதுவே நாரின் திசை. அது நோட்டின் முதுகுக்கு இணையாக இருக்கட்டும். ஒட்டி முடித்ததும் இரண்டு பலகைகளுக்கு நடுவே கனமான பாரம் வைத்து ஓரிரவு விட்டுவிடுங்கள்.

அளவுகள்: 2 மி.மீ. கிரே போர்டு (சாம்பல் நிறத் தடித்த அட்டை), நோட்டைவிட மூன்று புறமும் 3 மி.மீ. கூடுதல், முதுகுக்கும் பலகைக்கும் (முன், பின் அட்டைகளுக்கும்) நடுவே 7 மி.மீ. இடைவெளி, உள்ளே மடிக்க 2 செ.மீ. துணி. மூலையைச் சாய்வாக வெட்டும்போது அட்டையின் நுனியை ஒட்டி வெட்டாதீர்கள். அட்டைத் தடிமனைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது 3 மி.மீ. தள்ளி வெட்டினால்தான் மூலையில் அட்டை எட்டிப் பார்க்காது.

பெட்டிக்கு மூடியை அளந்து வெட்டாதீர்கள். அடிப்பகுதிக்குத் துணி ஒட்டிக் காய்ந்தபின், அதே துணியை அதன்மேல் இரு சுற்றும், ஒரு தாளை ஒரு சுற்றும் ஒட்டாமல் சுற்றி, அதைச் சுற்றி மூடியின் சுவர்களை அமையுங்கள். இறுக்கமும் தளர்வும் இல்லாமல் வந்து உட்காரும்.

ஆரி வேலையை ஒட்டும் முன்பே முடித்துவிட வேண்டும். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சிறுமிகள் பெட்டிக்கான துணிகளைத் தனித்தனியே பூவேலை செய்து முடித்து, பிறகே மரத்தச்சரிடம் கொடுத்துப் பொருத்துவார்கள். மார்த்தா எட்லின் என்ற சிறுமி 1671-இல் 11 வயதில் முடித்த அப்படியொரு பெட்டி லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சட்டத்தில் இழுத்துக் கட்டித் தைத்து, அதன்பின் தாள் ஒட்டுங்கள். இப்படித் தைத்த துணியை முகம் கீழாகத் தடித்த துண்டின்மேல் வைத்துத்தான் தாளை நீவ வேண்டும். மேசை இழுத்துப் பிடிக்காது என்பதால் விளிம்புகளைக் குண்டூசியால் நிறுத்துங்கள். விளிம்பிலிருந்து 2 செ.மீ. வரையிலும் முதுகுப் பகுதியிலும் மணியோ ஜர்தோசியோ வேண்டாம்.

கடைசியாக, பட்டின் வலுவைச் சோதியுங்கள். ஒரு துண்டை மடித்து நகத்தால் அழுத்தும்போது இழை முறிந்தால், திறந்து மூடும் முதுகில் அது ஓர் ஆண்டுகூடத் தாங்காது. உடலும் கரையும் கோர்வையில் சேரும் இடத்தையும் அங்கே வரவிடாதீர்கள். மடிப்பிலேயே கிழிந்த புடவை என்பதால், உங்கள் நோட்டுகளுக்கு முதுகில் அரக்கு நிறக் காலிக்கோவும் இரு பலகைகளில் மட்டும் பட்டும் வைப்பதையே பரிந்துரைக்கிறேன். காலிக்கோ பலகையின் மேல் 2 செ.மீ. ஏறி நிற்கட்டும், பட்டின் விளிம்பை அதன்மேல் 3 மி.மீ. ஏற்றி ஒட்டுங்கள்.