வாசகர் கேள்வி பதில்: அரசியின் மடியில் ஓலைக்கட்டு

கேள்வி: ஓவியம் பயிலும் என் மகள், சோழ அரசி செம்பியன் மாதேவியை முடியும் நகையும் இன்றி, மடியில் ஓலைக்கட்டு வைத்துக் கணக்குப் பார்க்கும் பெண்ணாக வரைந்திருக்கிறாள். அது அரசிக்குச் செய்யும் அவமதிப்பு என்கிறார் என் மாமியார். இக்காலக் கலைஞர்கள் ஏன் இப்படி வரைகிறார்கள்?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: உங்கள் மாமியார் மனத்தில் இருப்பது கோயில் உருவம். வாஷிங்டனின் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் உள்ள 10ஆம் நூற்றாண்டுச் செப்புத் திருமேனி, உமையின் சாயலில் வார்க்கப்பட்ட செம்பியன் மாதேவியே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்; மறுப்போரும் உண்டு. ஒரு பெண்ணை நெடுநாள் நினைவில் வைக்க வேண்டுமானால் அவளைத் தெய்வமாக்கிவிடுவது நம் வழக்கம். (உங்கள் ஊர் வட்டப்பாறை அம்மனைக் கண்ணகி என்று சொல்வதில்லையா?)

இக்காலக் கலைஞர்கள் சிலர் அந்த வழக்கத்திலிருந்து விலகிப் பார்க்கிறார்கள். அமெரிக்கக் கலைஞர் ஜூடி சிகாகோ பலருடன் சேர்ந்து 1974 முதல் 1979 வரை உருவாக்கிய ‘தி டின்னர் பார்ட்டி’ என்னும் முக்கோண விருந்து மேசையில், பக்கத்துக்கு 13 பேராக 39 பெண்களுக்கு இடம் உண்டு. எகிப்தை ஆண்ட ஹட்செப்சுட்டும் கிழக்கு ரோமப் பேரரசர் ஜஸ்டினியனின் மனைவி தியோடோராவும் அங்கே தட்டாகவும் தையல் துணியாகவுமே இருக்கிறார்கள். ஹட்செப்சுட்டின் உருவங்கள் அவர் இறந்த பின் சிதைக்கப்பட்டதை அறிந்தவர்களுக்கு, முகத்தைத் தவிர்த்த அந்த முடிவு பொருத்தமாகவே தோன்றும். ஆனால் அம்மேசையில் நம் நாட்டிலிருந்து அமர்ந்திருப்பவள் காளி மட்டுமே. மண்ணில் வாழ்ந்த இந்தியப் பெண் ஒருவர்கூட இல்லை என்பது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

பெங்களூருக் கலைஞர் என். புஷ்பமாலா, ஒளிப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் 2000 முதல் 2004 வரை செய்த ஒளிப்படத் தொடரில், இரவிவர்மாவின் இலட்சுமியாகவும், 1970களின் தமிழ்ப்படக் காட்சியொன்றில் சாட்டையேந்திய ஜெயலலிதாவாகவும் தாமே வேடமிட்டு நின்றார். தெய்வமும், பின்னாளில் முதலமைச்சரான நடிகையும் ஒரே உடல் அணியும் வேடங்களாகிவிடும்போது, வழிபாட்டுக்குப் பழகிய நம் கண் சற்றுத் தடுமாறுகிறது.

உங்கள் மகளின் படம் இவற்றைவிடச் சான்றுக்கு நெருக்கமானது. கண்டராதித்த சோழன் இறந்த பின் நெடுங்காலம் வாழ்ந்து, மகன் உத்தம சோழன் காலத்திலும் முதலாம் இராஜராஜன் காலத்திலும் செங்கற் கோயில்களைக் கற்றளிகளாக்கிய (கருங்கற் கோயில்களாக்கிய) அந்த அம்மையாரைக் கல்வெட்டு, உத்தம சோழனைத் ‘திருவயிறு வாய்த்த’வர் என்றே அறிமுகப்படுத்துகிறது, அவர் அளித்த கொடைகளின் விவரமோ அதற்குப் பின்னால்தான் வருகிறது. அந்தக் கொடைக் கணக்கைத்தான் உங்கள் மகள் அவர் மடியில் வைத்திருக்கிறாள். நகையில்லாமல் வரைந்ததும் கைம்பெண்ணான அவருக்குப் பொருந்தாததன்று. ஒரு திருத்தம் மட்டும் சொல்வேன்: ஓலையில் வெறும் கோடுகளை இழுக்காமல், உங்கள் ஊர்த் தியாகராசர் கோயில் சுவரிலுள்ள சோழர்காலக் கல்வெட்டு எழுத்தைப் பார்த்து, கொடையாக அளித்த நிலத்தையும் நந்தாவிளக்கையும் (அணையாமல் எரியும் கோயில் விளக்கு) அதில் எழுதச் சொல்லுங்கள்.