பட்டன் பலகையில் போடுகிறான், சட்டையில் ஏன் வரவில்லை?

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. பெருமூளை வாதத்தால் (மூளை பாதிப்பால் வரும் அசைவுக் குறைபாடு) இடது கை பலவீனம். ஆக்குபேஷனல் தெரபியில் (அன்றாட வேலைகளைப் பழக்கும் பயிற்சி), துணி பொருத்திய பட்டன் பலகையில் சரியாகப் போடுகிறான். பள்ளிச் சட்டையில் ஒரு பட்டன்கூட நுழைவதில்லை. சோம்பலா?
– வாசகி, திருச்சி

பதில்: சோம்பல் இல்லை. இரண்டும் வேறு வேறு வேலை. பலகை அசையாது, எதிரே தெரியும். சட்டையோ உடம்போடு ஆடும். குனிந்து பார்க்க வேண்டும், கழுத்துப் பட்டன் கண்ணுக்கே தெரியாது.

அவன் போடும்போது எந்தக் கட்டத்தில் தடைபடுகிறது என்று பாருங்கள். ஆண் பிள்ளைகள் சட்டையில் காஜா (பட்டன் துளை) இடப்பக்கம், பட்டன் வலப்பக்கம். வலது கை பட்டனை அடியிலிருந்து பாதி தள்ளிவிடும். மேலே வந்த பாதியை இழுக்க வேண்டியது இடது கை. அது வராததால் வலது கையே பட்டனை விட்டுவிட்டு மேலே வருகிறது. அதற்குள் பட்டன் திரும்ப உள்ளே நழுவிவிடும். பெரும்பாலும் தகராறு இங்கேதான்.

எனவே இடது கைக்கு ஒரே வேலை கொடுங்கள்: காஜாவுக்குக் கீழே பட்டியை முஷ்டியால் பிடித்து இழுத்து வைப்பது. விரல் நுணுக்கம் தேவையில்லை. டெய்லரிடம் சொல்லி, விளிம்பு தடிக்காத 15 மி.மீ. பட்டன் தைக்கச் சொல்லுங்கள். நூலை இறுக்காமல் துணிக்கும் பட்டனுக்கும் நடுவே 3, 4 மி.மீ. விட்டால் பட்டன் சாய்ந்து நுழையும். காஜா, பட்டனின் அகலமும் கனமும் சேர்ந்த நீளம் இருக்கட்டும், 3 மி.மீ. கனமென்றால் 18 மி.மீ. கஞ்சி போட்ட புதுச் சட்டையில் ஆரம்பிக்காதீர்கள்.

பாதம் தரையில் பதியும் ஸ்டூலில், முதுகு சுவரில் சாய உட்கார வையுங்கள். முதலில் பலவீனமான கையை நுழைக்க வேண்டும். கழற்றும்போது அது கடைசி. நெஞ்சுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியும் ஒரு பட்டன் போதும். பாதிவரை நீங்கள் தள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள், கடைசி இழுப்பு மட்டும் அவனுடையது. அது தடுமாறாமல் வந்தபின் தள்ளுவதையும் அவனிடம் விடுங்கள். கண்ணாடி வேண்டாம், இடம் வலம் குழம்பும். காலை எட்டு மணி அவசரத்தில் வேண்டவே வேண்டாம். அப்போது மேல் இரண்டு பட்டன் தவிர மற்றதைப் போட்டு வைத்து, டி-ஷர்ட் போலத் தலைவழியே மாட்டிவிடுங்கள். அடுத்த தெரபிக்கு அதே சட்டையோடு அழைத்துப் போங்கள்.

கேள்வி: டவுன் சின்ட்ரோம் உள்ள 5 வயது மகள் தானாகச் சாப்பிட்டால் பாதி சோறு தரையில்.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: சம்மணமிட்டால் உடம்பு சாய்கிறதா? தசைத் தளர்ச்சி இருந்தால் ஒரு கை ஊன்றுவதற்கே போய்விடும். அறை மூலையில், இருபுறமும் சுவர் தாங்க உட்கார வையுங்கள். தட்டை மணைக்கட்டை மேல் ஈரத்துணி விரித்து வைத்தால் நழுவாது. விளிம்பு உயர்ந்த தட்டாக இருந்தால் சோற்றை அதில் முட்டவைத்து அள்ளலாம். ரசம் சாதம் விரலிடுக்கில் ஓடும். கெட்டியாகப் பிசைந்த தயிர்சாதத்தைச் சிறு உருண்டைகளாக உருட்டித் தட்டில் வையுங்கள். உருண்டையை எடுத்து வாயில் வைப்பது பழகட்டும், பிசைவது பிறகு.