ஒரே சமையல், ஒரே நடை, ஆனால் இடுப்பு மட்டும் வேறு: மரபணுவும் கொழுப்புக் குறைப்பும் (கேள்வி பதில்)

எடை குறைக்க முயல்கிறவர்கள் பரம்பரை, மரபணு பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் உணவியல் ஆலோசகர், மருத்துவர் இல்லை. சாப்பாட்டையும் உடற்பயிற்சியையும் மாற்றிக் குறைக்கிறவர்களுக்கான பதில்கள் இவை. மருந்து, அறுவை சிகிச்சை பற்றிய கேள்விகளை விட்டுவிட்டேன்.

கேள்வி: அக்கா, நானும் என் நாத்தனாரும் ஒரே வீடு, ஒரே சமையல். காலையில் சேர்ந்துதான் நடக்கிறோம். நாலு மாதத்தில் அவங்களுக்கு 6 கிலோ இறங்கிவிட்டது, எனக்கு 2 கிலோதான். நான் ஒளித்து வைத்துச் சாப்பிடுவதாக மாமியார் சொல்கிறார்.

பதில்: நீங்கள் சொல்வதை நம்புகிறேன். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். கனடாவின் லாவல் பல்கலைக்கழகத்தில் க்ளோட் புஷார் என்ற ஆய்வாளர், ஒரே கருவிலிருந்து பிறந்த, அதனால் மரபணுவும் ஒன்றேயான இரட்டையர் 12 ஜோடியைத் தங்க வைத்தார். எல்லாரும் இளைஞர்கள். நூறு நாளில் 84 நாள், தேவைக்கு மேல் 1000 கலோரி சாப்பிடச் செய்தார். எல்லாருக்கும் ஒரே உபரிதான், ஆனால் ஏறிய எடை 4.3 கிலோவிலிருந்து 13.3 கிலோ வரை. அண்ணனுக்கு நிறைய ஏறியிருந்தால் தம்பிக்கும் நிறைய, அண்ணனுக்குக் கொஞ்சம் என்றால் தம்பிக்கும் கொஞ்சம். வயிற்றுக்குள் சேர்ந்த கொழுப்பில் இந்த ஒற்றுமை இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. இது 1990ல் வெளியானது.

1994ல் அதே குழு குறைப்பதைச் சோதித்தது. 7 ஜோடி இரட்டையர். சாப்பாட்டின் அளவு மாறவில்லை. 93 நாள் காலத்தில், பத்து நாளுக்கு ஒன்பது நாள் வீதம், தினம் இரண்டு வேளை சைக்கிள் மிதித்தார்கள். சராசரியாக 5 கிலோ இறங்கியது, அவ்வளவும் கொழுப்பு. ஆனால் தனித்தனியாகப் பார்த்தால் 1 கிலோ இறங்கியவரும் உண்டு, 8 கிலோ இறங்கியவரும் உண்டு. இங்கேயும் ஒரு ஜோடிக்குள் இருவரும் ஏறக்குறைய ஒன்றுபோல்தான் இறங்கினார்கள்.

அளந்து போட்டு, கண்காணிப்பில் வைத்திருந்த இடத்திலேயே இவ்வளவு வித்தியாசம். நீங்களும் நாத்தனாரும் ரத்த உறவுகூட இல்லை. தொடங்கியபோது யார் எவ்வளவு எடை இருந்தீர்கள், வயது என்ன, தைராய்டு எப்படி என்பதும் சேர்ந்துகொள்ளும். அதனால் அவரோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, போன மாதத்து உங்களோடு மட்டும் ஒப்பிடுங்கள். உங்கள் முயற்சி பொய்யில்லை.

கேள்வி: மேடம், வயது 29, ஐடி வேலை. ஆன்லைனில் ஜீன் டெஸ்ட் எடுத்தேன். எஃப்டிஓ மரபணுவில் இரண்டு பிரதியும் ‘ரிஸ்க்’ என்று வந்திருக்கிறது. இனி டயட் இருந்து என்ன பயன்?

பதில்: முழுப் பயனும் உண்டு, தம்பி. எஃப்டிஓவுக்கும் எடைக்கும் உள்ள தொடர்பு 2007ல் தெரியவந்தது. ஐரோப்பியர்களில், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று வந்த இரண்டு பிரதியும் ரிஸ்க் வகையாக இருப்பவர்கள், அந்த வகை ஒன்றுகூட இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதலாக இருந்தார்கள். பரவலாகக் காணப்படும் மரபணு வேறுபாடுகளில் எடையை அதிகம் பாதிப்பதாக அறியப்பட்டது இது. அதன் பலமே அவ்வளவுதான்.

எடை குறைக்கும்போது அது தடுக்கிறதா? 8 ஆய்வுகளில் கலந்துகொண்ட 9,563 பேரின் தரவைச் சேர்த்து அலசி, 2016ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவை வெளியிட்டார்கள். ரிஸ்க் பிரதி உள்ளவர்களும் மற்றவர்களும் எடையிலும் இடுப்புச் சுற்றளவிலும் ஒரே அளவுக்குக் குறைந்திருந்தார்கள். அதற்கு முன்பே, 2011ல், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்ததில், உடலுக்கு வேலை கொடுக்கிறவர்களிடம் எஃப்டிஓவால் உடல் பருமன் வரும் வாய்ப்பு 27% குறைவாக இருந்தது.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது அந்த ரிப்போர்ட்டைப் படித்து நீங்கள் மனம் விட்டுப்போனதுதான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு சோதனையின் முடிவு 2018ல் வெளியானது. ஒருவரின் உண்மையான மரபணு எதுவாக இருந்தாலும், குலுக்கல் முறையில் சிலரிடம் ‘உங்களுக்கு ரிஸ்க்’ என்றும் சிலரிடம் ‘உங்களுக்குப் பாதுகாப்பு’ என்றும் சொன்னார்கள். பாதுகாப்பு என்று கேட்டவர்களுக்கு, முன்பு சாப்பிட்ட அதே உணவுக்கு, வயிறு நிறைந்ததை உணர்த்தும் ஹார்மோன் இரண்டரை மடங்கு சுரந்தது. வெறும் சொல் உடம்பில் இவ்வளவு செய்கிறது. அந்த ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டு இன்று மாலையே நடக்கப் போங்கள்.

கேள்வி: உடல் எடை 70% பரம்பரை என்று படித்தேன். அப்போ என் கையில் 30% தானே?

பதில்: இந்தக் கணக்கை நிறையப் பேர் இப்படித்தான் போடுகிறார்கள். இரட்டையர் ஆய்வுகளில் வரும் அந்த 70%, ஒரு கூட்டத்தில் மனிதருக்கு மனிதர் இருக்கும் வித்தியாசத்தில் எவ்வளவு மரபணு வித்தியாசத்தால் வருகிறது என்பதைச் சொல்கிறது. உங்கள் 80 கிலோவில் 56 கிலோ தாத்தா கொடுத்தது என்று அர்த்தமில்லை. எல்லாரும் ஒரே மாதிரிச் சாப்பிட்டு ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கும் ஊரில் இந்தச் சதவீதம் கூடும். ஏனென்றால் அங்கே வித்தியாசப்பட மரபணுவைத் தவிர வேறு எதுவும் மிச்சமில்லை.

நம் பாட்டி தலைமுறைக்கும் நமக்கும் மரபணுக்கள் ஏறக்குறைய அதே. ஆனால் எடை எவ்வளவு கூடிவிட்டது! சுற்றியிருப்பது மாறினால் மொத்தக் கூட்டமே மேலே போகும், கீழேயும் வரும். யார் யாரைவிடக் கொஞ்சம் கூட, யார் குறைவு என்பதில்தான் பரம்பரை பெரிதாகப் பேசுகிறது.

கேள்வி: என் ஜீனுக்கு லோ கார்ப் டயட்தான் ஒத்துவரும் என்று ஒரு கம்பெனி சொல்கிறது. உண்மையா?

பதில்: இதையே நேரடியாகச் சோதித்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு, 609 பேரைக் குறைந்த கொழுப்பு உணவு, குறைந்த மாவுச்சத்து உணவு என்று இரண்டாகப் பிரித்து ஒரு வருடம் பின்தொடர்ந்தது. 2018ல் முடிவு வந்தது. முதல் கூட்டத்துக்கு 5.3 கிலோ, இரண்டாவதுக்கு 6 கிலோ குறைந்தது. பெரிய வித்தியாசமில்லை. ‘இந்த மரபணுவுக்கு இந்த உணவு’ என்று முன்கூட்டிக் கணித்ததும் பலிக்கவில்லை. ஆனால் இரண்டு கூட்டத்திலும் 30 கிலோ வரை இறங்கியவர்களும் இருந்தார்கள், 10 கிலோ வரை ஏறியவர்களும் இருந்தார்கள். உங்களுக்கு எது ஒத்துவரும் என்பதை மூன்று மாதம் கடைப்பிடித்துப் பார்த்தால் நீங்களே கண்டுபிடிக்கலாம்.

கேள்வி: வயது 41. முகம் வற்றிவிட்டது, மார்பு, கை எல்லாம் இளைத்துவிட்டது. தொடையும் பின்பக்கமும் மட்டும் அப்படியே இருக்கின்றன. அம்மாவுக்கும் இதே அமைப்புதான். என்ன தவறு செய்கிறேன்?

பதில்: எந்தத் தவறும் செய்யவில்லை. கொழுப்பு எங்கே சேர்வது என்பதற்கு, மொத்த எடைக்குப் பெரும்பாலும் சம்பந்தமில்லாத வேறு மரபணுக் கூட்டமே இருக்கிறது. எடையோடு தொடர்புள்ளவை பெரும்பாலும் மூளையில் வேலை செய்கின்றன. இடுப்பு, பிட்டம் அமைப்போடு தொடர்புள்ளவை கொழுப்புத் திசுவிலேயே வேலை செய்கின்றன. 2015ல் அப்படி 49 மரபணு இடங்களைப் பட்டியலிட்டார்கள். ஆண், பெண் வித்தியாசம் காட்டியவை 20. அதில் 19 பெண்களிடம்தான் வலுவாக இருந்தன. அம்மாவின் உடம்புவாகு உங்களுக்கு வந்ததில் ஆச்சரியமில்லை.

தொடைக் கொழுப்பு மெதுவாகக் கரைய இன்னொரு காரணமும் உண்டு. கொழுப்பை வெளியே விடாதே என்று அட்ரினலின் சொல்வதைக் கேட்கும் ஏற்பிகள், பெண்களின் தொடைப் பகுதியில் அதிகம். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: தொடையிலும் பிட்டத்திலும் இருக்கும் கொழுப்பு இதயத்துக்கோ சர்க்கரைக்கோ ஆபத்தில்லை. கொழுப்பைப் பாதுகாப்பாகப் பூட்டி வைக்கும் இடம் அது.

கால் இரண்டும் சமமாகப் பருத்து, தொட்டால் வலித்து, சின்ன இடிக்கே கன்றிப்போய், பாதம் மட்டும் சாதாரணமாக இருந்தால் அது லிப்பிடீமா என்ற கொழுப்புத் திசு நோயாக இருக்கலாம். குடும்பத்தில் பெண்களுக்கு வருவது. அப்போது டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: தொப்பைக்கு மட்டும் ஏதாவது பயிற்சி?

பதில்: இல்லை. வயிற்றுப் பயிற்சி தசையை வலுவாக்கும், மேலே இருக்கும் கொழுப்பைத் தேர்ந்தெடுத்துக் கரைக்காது.

கேள்வி: அப்பா எப்போதும் ஒல்லி. கை, கால் குச்சி மாதிரி, சின்னதாகத் தொப்பை. பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 22தான், ஆனால் 45 வயதில் சர்க்கரை வந்துவிட்டது. எனக்கு 34, அச்சாக அதே அமைப்பு. என்னிடம் குறைக்க என்ன இருக்கிறது, மேடம்?

பதில்: உங்கள் கேள்வி நம் ஊரில் நூற்றுக்கணக்கான வீடுகளின் கேள்வி. 2004ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யூட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. யூட்கினுக்கு உடல் கொழுப்பு 9.1%, யாஜ்னிக்குக்கு 21.2%. பிஎம்ஐ கணக்குக்கு இருவரும் ஒன்றுதான்.

நமக்கு ஏன் இப்படி? மரபணு ஒரு பகுதி. லண்டனில் வாழும் இந்திய வம்சாவளியினரை வைத்து 2008ல் செய்த ஆய்வில், எம்சி4ஆர் மரபணுவுக்குப் பக்கத்தில் ஒரு வேறுபாடு தெரிந்தது. அதை இரண்டு பிரதியாக வைத்திருப்பவர்களுக்கு இடுப்பு ஏறக்குறைய 2 செ.மீ. அதிகம். ஐரோப்பியர்களைவிட இந்தியர்களிடம் அது அதிகமாகக் காணப்பட்டது. கருவில் கிடைத்த ஊட்டமும் இன்னொரு பகுதி. புனேயில் பிறந்த குழந்தைகளை அளந்தபோது, எடையும் தசையும் குறைவாக இருந்தும் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை.

அதனால் இந்தியர்களுக்கு அளவுகோலே வேறு. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை. நீங்கள் குறைக்க வேண்டியது உள்வயிற்றுக் கொழுப்பை, கூட்ட வேண்டியது தசையை. பருப்பு, முட்டை, சுண்டல், மீன் தட்டில் கூடட்டும், சோறு குறையட்டும். வாரம் இரண்டு மூன்று நாள் பளு தூக்குங்கள்.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரையின் வாசலில் இருந்த 531 பேரை மூன்று வருடம் போல் பின்தொடர்ந்து 2006ல் முடிவை வெளியிட்டது. நடையும் உணவு மாற்றமும் கடைப்பிடித்த கூட்டத்தில் சர்க்கரை வருவது 28.5% குறைந்தது. அவர்களுடைய எடை சொல்லும்படி இறங்கவேயில்லை! எடை நகரவில்லையே என்று மனம் தளர்கிறவர்களுக்கெல்லாம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கேள்வி: ஃபேட்டி லிவர் கிரேடு 2. அண்ணனுக்கும் இருக்கிறது. பரம்பரை என்றால் சரியாகாதா?

பதில்: சரியாகும். பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவின் ஒரு வகை, ஈரலில் கொழுப்பு சேரும் போக்கைக் கூட்டுகிறது என்று 2008ல் தெரிந்தது. அந்த வகை உள்ளவர்களுக்கும் எடை குறைந்தால் ஈரல் கொழுப்பு நன்றாகவே இறங்குகிறது. ஒரு சிறிய ஆய்வில் மற்றவர்களைவிட அதிகமாகவே இறங்கியது. உணவைக் குறைத்தால் முதலில் காலியாகும் இடங்களில் ஈரல் ஒன்று. இனிப்புப் பானமும் மதுவும் இருந்தால் அடியோடு நிறுத்துங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 4 வயது, 31 கிலோ. சாப்பிட்டு முடித்த உடனே பசி என்று அழுகிறான். டயட் சார்ட் தருவீர்களா, அக்கா?

பதில்: தரமாட்டேன் அம்மா, முதலில் குழந்தைகள் ஹார்மோன் நிபுணரிடம் காட்டுங்கள். இதுவரை நான் பேசியதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும் மரபணுக்கள். அபூர்வமாக ஒரே மரபணு பழுதாகிப் பசியை நிறுத்த முடியாமல் செய்வதுண்டு. 1997ல் கேம்பிரிட்ஜில், பாகிஸ்தான் வம்சாவளிக் குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு குழந்தைகளுக்கு லெப்டின் என்ற ஹார்மோனே சுரக்கவில்லை என்று கண்டுபிடித்தார்கள். லெப்டின் ஊசி போட்டதும் பசி அடங்கி எடை இறங்கியது. உங்கள் பையனுக்கும் அதுதான் என்று சொல்லவில்லை. ஆனால் பார்த்தே ஆக வேண்டும். நீங்களும் கணவரும் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அது முக்கியம். அதுவரை பசிக்காக அவனைத் திட்டாதீர்கள். அந்தப் பசி நிஜம்.

கேள்வி: 18 கிலோ குறைத்தேன். இரண்டு வருடத்தில் 11 கிலோ திரும்பிவிட்டது, அதுவும் அதே இடுப்பில். ஏன்?

பதில்: குறையும்போது கொழுப்பு செல்கள் சுருங்குகின்றன, மறைவதில்லை. ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் 2008ல் காட்டியது இது: பெரியவர்களுக்குக் கொழுப்பு செல்களின் எண்ணிக்கை பெரும்பாலும் நிலையானது. வருடத்துக்குச் சுமார் 10% செத்து, அதே அளவு புதிதாக வருகிறது. அறுவை சிகிச்சை செய்து பெரிதாக எடை குறைந்தவர்களுக்கும், இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் எண்ணிக்கை குறையவில்லை. காலியான செல்கள் இருந்த இடத்தில் நிரம்புகின்றன, அதனால்தான் அதே இடுப்பு. கூடவே பசி ஹார்மோன்கள் கூடி, ஓய்வில் செலவாகும் கலோரியும் குறைந்திருக்கும். இன்னும் 7 கிலோ உங்கள் வசம் இருக்கிறது. அதைக் காப்பாற்றுவதை முதல் வேலையாக வையுங்கள். மறுபடி குறைப்பது அப்புறம்.

கேள்வி: அப்படியென்றால் ஜீன் டெஸ்டுக்கு வைத்திருந்த பணத்தை என்ன செய்யலாம்?

பதில்: ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), ரத்தக் கொழுப்புப் பரிசோதனை, ஈரல் ஸ்கேன் மூன்றும் செய்யுங்கள். நல்ல நடைக் காலணி ஒன்று வாங்குங்கள். தையல்காரர் வைத்திருக்கும் அளவு டேப் ஒன்றும் வேண்டும். காலையில் வெறும் வயிற்றில், மூச்சை இயல்பாக விட்ட பிறகு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவே அளக்க வேண்டும். இழுத்துப் பிடிக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும், தேதியோடு எழுதி வையுங்கள்.